ஒரு கண் நெருப்பில்... ஒரு கண் தண்ணீரில்... நீராவி என்ஜினில் பயர்மேன் செய்த வேலை என்ன?

ராயபுரம்,

ரெயிலை ஓட்டுவது யார் என்று கேட்டால் சின்னப் பையன்கூட "டிரைவர்" என்று சொல்லிவிடுவான். இன்றைய மின்சார ரெயிலுக்கு அது சரிதான். ஆனால் நீராவி என்ஜின் காலத்தில் அது பாதி உண்மை. டிரைவர் கைப்பிடியை இழுத்தால் ரெயில் ஓடும். அந்தக் கைப்பிடிக்குப் பின்னால் நீராவி இருந்தால்தானே ஓடும்? அந்த நீராவியை நிமிடத்துக்கு நிமிடம் தயார் செய்து கொடுத்தவர் பயர்மேன்.

கரியை வாரி அடுப்பில் போடுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று நினைக்கலாம். இருக்கிறது. நெருப்பு கொஞ்சம் சரியில்லை என்றால் எக்ஸ்பிரஸ் ரெயில் நடுவழியில் மூச்சு வாங்கி நின்றுவிடும். தண்ணீர் கொஞ்சம் குறைந்து, அதைக் கவனிக்காமல் விட்டால் பாய்லரே வெடிக்கும். ரெயில் என்ஜின் பாய்லர் வெடித்தால் முதலில் போவது அந்த 2, 3 பேரின் உயிர்தான்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் புறப்பட்ட ஊர் நம்ம ராயபுரம். 1856-ம் ஆண்டு ஜூன் 28-ந்தேதி சென்னை மாகாண கவர்னர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் ரெயில் நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை 1-ந்தேதி முதல் வாலாஜா ரோடு வரை மக்களுக்கான ரெயில் ஓடியது. ஏறக்குறைய 100 கிலோ மீட்டர் தூரம். மும்பையிலும் கொல்கத்தா பக்கத்திலும் இதற்கு முன்பே ரெயில் விட்டுவிட்டார்கள் என்றாலும், அந்த முதல் நிலையங்களின் கட்டிடங்கள் இன்று இல்லை. ராயபுரம் கட்டிடம் மட்டும் நிற்கிறது. அந்த வாசலில் இருந்து கிளம்பிய ஒவ்வொரு என்ஜினிலும் நெருப்பைக் கவனித்துக்கொள்ள ஒரு ஆள் நின்றிருக்கிறார். அவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

சவுக்குத் தோப்பு வந்த கதை

ஆரம்பத்தில் இங்கே நிலக்கரி கிடையாது. இங்கிலாந்தில் இருந்து கப்பலில் வர வேண்டும், விலை அதிகம். அதனால் மெட்ராஸ் ரெயில்வே பல ஆண்டுகள் விறகை எரித்துத்தான் என்ஜின் ஓட்டியது. சென்னையைச் சுற்றியுள்ள கடலோர மணலில் 1860-களில் பெரிய அளவில் சவுக்கு நட்டதற்கு என்ஜின் விறகு ஒரு முக்கிய காரணம். மணலில் சீக்கிரம் வளரும், கெட்டியான கட்டை, நின்று எரியும். இன்று கட்டிட சாரத்துக்கும் பந்தல் காலுக்கும் நாம் வாங்குகிற சவுக்குக் கட்டை, ஒரு காலத்தில் ரெயிலை இழுத்த கட்டை.

தெலுங்கு தேசத்துப் பக்கம் சிங்கரேணி சுரங்கத்தில் 1889-ல் கரி எடுக்க ஆரம்பித்த பிறகுதான் தென்னிந்திய ரெயில்களுக்குப் பக்கத்திலேயே நிலக்கரி கிடைத்தது. விறகு போய் கரி வந்தது. பயர்மேன் வேலையும் மாறியது. விறகு பெரிதாக சுவாலை விட்டு சட்டென்று அடங்கும், அதனால் ஓயாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கரி அப்படி இல்லை. அதற்கு நேரம் வேண்டும், காற்று வேண்டும், சரியான இடத்தில் விழ வேண்டும்.

டீக்கடை பாய்லர் தெரியுமா?

பழைய டீக்கடையில் செம்பு பாய்லர் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு குழாயில் கரி நெருப்பு, அதைச் சுற்றித் தண்ணீர். நீராவி என்ஜினின் அடிப்படையும் இதுதான். ஒரு கோடியில் நெருப்புப் பெட்டி. அதன் பக்கங்களிலும் மேலேயும் தண்ணீர் சூழ்ந்திருக்கும். அங்கிருந்து புகையும் அனலும் நூற்றுக்கணக்கான இரும்புக் குழாய்கள் வழியாக பாய்லருக்குள் போகும். குழாய்களைச் சுற்றியும் தண்ணீர்தான். மறுகோடியில் புகைப்பெட்டி, அதற்கு மேல் புகைபோக்கி.

டீக்கடைக்கும் என்ஜினுக்கும் பெரிய வித்தியாசம் காற்றில் இருக்கிறது. கொல்லன் உலையில் துருத்தி ஊதுகிற மாதிரி என்ஜினுக்கும் காற்று வேண்டும். ஆனால் அங்கே துருத்தி ஊத தனி ஆள் இல்லை. பிஸ்டனைத் தள்ளிவிட்டு வெளியே வருகிற நீராவியையே புகைபோக்கிக்கு நேர் கீழே ஒரு குழாய் மூலம் வேகமாக மேலே அடிக்க விட்டார்கள். அந்த வேகத்தில் புகைப்பெட்டியில் உள்ள புகையும் சேர்ந்து வெளியே இழுக்கப்படும். அந்த வெற்றிடத்தை நிரப்ப, நெருப்புக்கு அடியில் இருந்து புதுக் காற்று உள்ளே பாயும். 'சக் சக்' என்று கேட்குமே, அந்த ஒவ்வொரு சத்தமும் ஒரு துருத்தி ஊதல்.

இதில் ஒரு அழகு உண்டு. என்ஜின் எவ்வளவு கஷ்டப்பட்டு இழுக்கிறதோ அவ்வளவு வேகமாக சத்தம் வரும், அவ்வளவு காற்று வரும், அவ்வளவு நெருப்பு எரியும். தேவை கூடினால் நெருப்பு தானாகவே கூடும். 200 வருடத்துக்கு முன்னால் யோசித்த விஷயம் இது, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் நெருப்பை அதற்குத் தயாராக வைத்திருப்பது பயர்மேன் கையில்தான் இருக்கிறது.

ஏழடிக்கு ஆறரை அடி

சுதந்திரத்துக்குப் பிறகு நம் நாட்டில் அகலப் பாதையில் ஓடிய பெரிய என்ஜின்கள் டபிள்யூ.பி., டபிள்யூ.ஜி. என்ற இரண்டு வகை. முதலாவது எக்ஸ்பிரசுக்கு, அடுத்தது சரக்கு ரெயிலுக்கு. டபிள்யூ.பி. என்ஜினில் கரி எரியும் தட்டின் பரப்பு 46 சதுர அடி. அதாவது ஏழடிக்கு ஆறரை அடி, ஒரு பெரிய கட்டில் போடும் இடம். இந்த முழு இடத்திலும் நெருப்பு சீராக இருக்க வேண்டும். ஆனால் கரி போடும் வாசலோ ஒரு ஆள் குனிந்து பார்க்கிற அளவுதான். அந்த வாசல் வழியாகத் தூரத்து மூலைக்கும் கரி போய் விழ வேண்டும்.

என்ஜின் ஆடும். 80, 90 கிலோ மீட்டர் வேகத்தில் கால் வைக்கிற தகடும் ஆடும். எதிரே 1,200 டிகிரிக்கு மேல் அனல். ஒரு ஷவல் கரி 6 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கனமான ரெயிலை இழுக்கும்போது மணிக்கு ஒரு டன் கரி எரிந்தால் அது 160 ஷவலுக்கு மேல். நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 தடவை. அதனால்தான் பெரிய என்ஜின்களில் இரண்டு பயர்மேன்கள் இருந்தார்கள். ஒருவர் பின்னால் உள்ள டெண்டரில் கரியை உடைத்து முன்னால் தள்ளிக்கொண்டே இருப்பார். கரிக்கட்டி கைமுட்டி அளவு இருந்தால் நன்றாக எரியும். பெரிய பாறையாகப் போட்டால் வெளியே எரியும், உள்ளே கருப்பாகவே கிடக்கும். வெறும் தூளாகப் போட்டால் பாதி எரியாமலேயே புகைபோக்கி வழியாகப் பறந்துவிடும்.

அமெரிக்காவில் 'பிக் பாய்' என்று ஒரு ராட்சத என்ஜின். அதன் தட்டு 150 சதுர அடி. அதற்கு மனிதன் கரி போட முடியாது என்று திருகு எந்திரம் வைத்துத் தள்ளினார்கள். நம்ம ஊரில் பெரும்பாலும் கை ஷவல்தான்.

'கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி'

கரி போடுவதில் உலகம் முழுக்க எல்லா பயர்மேனும் முதலில் கற்றுக்கொண்ட பாடம் இதுதான். ஒரேயடியாக 20 ஷவல் வாரிக் கொட்டினால் நெருப்பு மூடிப்போகும். புதுக் கரி முதலில் சூட்டை எடுத்துக்கொள்ளும், பிறகுதான் கொடுக்கும். அதில் இருந்து வருகிற வாயு முழுவதும் எரிய காற்று போதாமல் குபுகுபுவென்று கரும்புகையாக வெளியேறும். சினிமாவில் ரெயில் என்றால் கரும்புகை விட்டுக் காட்டுவார்கள். உண்மையில் அது வீணாகப் போகும் கரி. நல்ல பயர்மேன் ஓட்டும் என்ஜினில் புகை லேசான சாம்பல் நிறத்தில் மெல்லிசாக இருக்கும். அதேநேரம் புகையே சுத்தமாக இல்லை என்றாலும் சந்தோஷப்பட முடியாது. நெருப்பு மெலிந்து தேவைக்கு மேல் காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம்.

கரி போடும் வாசல் கதவும் ஒரு கருவிதான். கரி போட்ட உடனே கதவை லேசாகத் திறந்து வைத்தால் நெருப்புக்கு மேலே கொஞ்சம் காற்று கிடைக்கும், அந்த வாயு எரிந்துவிடும். ரொம்ப நேரம் திறந்திருந்தால் குளிர்ந்த காற்று குழாய்களில் பட்டு, இரும்பு சுருங்கி, இணைப்புகளில் தண்ணீர் கசிய ஆரம்பிக்கும்.

நெருப்பை எப்படிப் பார்ப்பது? வெறும் கண்ணால் பார்த்தால் கூசும் வெளிச்சம்தான் தெரியும். ஷவலை வாசலுக்குள் கவிழ்த்து நீட்டினால், அதில் பட்டுத் திரும்பும் காற்று சுவாலையை விலக்கும். நெருப்பின் தரை தெரியும். வெள்ளையாகப் பளிச்சென்று துள்ளும் இடம் மெலிந்திருக்கிறது, அங்கே கரி வேண்டும். மங்கலாக, கருஞ்சிவப்பாக இருக்கும் இடத்தில் கரி தேங்கிவிட்டது, அங்கே போடக் கூடாது. பின்பக்க மூலைகள் இரண்டும், வாசலுக்கு நேர் கீழேயும் சீக்கிரம் காலியாகும். புது ஆள் கோட்டை விடுவது அங்கேதான், அது கண்ணுக்கு மறைவான இடம். ஒரு இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டால் காற்று முழுவதும் அந்த வழியாகவே ஓடும், மற்ற இடத்து நெருப்பு படுத்துவிடும்.

சாம்பல் செய்த கொடுமை

இங்கிலாந்து பயர்மேனுக்கு இல்லாத ஒரு கஷ்டம் நம்ம ஆளுக்கு இருந்தது. இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம். 30 சதவீதத்துக்கு மேல் சாம்பல் உள்ள கரி நம் நாட்டில் சர்வசாதாரணம். எண்ணூர் வாசிகளுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அனல்மின் நிலைய சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் உப்பங்கழியிலும் படிந்து மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்களே, அதே சாம்பல்தான். எண்ணூர் பழைய அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது, ஆனால் அது கொட்டியது போகவில்லை.

என்ஜினுக்குள் இந்த சாம்பல் வேறு விதமாக விளையாடும். அதிக சூட்டில் உருகி, கண்ணாடிப் பாகு மாதிரி இரும்புச் சட்டங்களில் ஒட்டி இறுகிவிடும். இதற்குப் பெயர் கிளிங்கர். கிளிங்கர் பிடித்த இடத்தில் கீழே இருந்து காற்று வராது. மேலே எவ்வளவு கரி போட்டாலும் பிரஷர் ஏறாது. முள் இறங்கிக்கொண்டே இருக்கும், டிரைவர் திட்டிக்கொண்டே இருப்பார். பயர்மேன் நீளமான இரும்புக் கம்பியை உள்ளே விட்டு கிளிங்கரை நெம்பி உடைக்க வேண்டும். கம்பியின் முனை பழுத்து சிவந்து வெளியே வரும். குறுகலான இடத்தில் அதைத் திருப்பி எடுத்து வைக்கும்போது சூடு போட்டுக்கொள்ளாதவர்கள் குறைவு. தட்டை ஆட்டி சாம்பலைக் கீழே உதிர்க்கும் வசதியும் இருந்தது. டபிள்யூ.பி., டபிள்யூ.ஜி. என்ஜின்களுக்கு அவ்வளவு அகலமான நெருப்புப் பெட்டி வைத்ததற்குக் காரணமே இந்த மட்டமான கரியை எரித்தாக வேண்டும் என்பதுதான்.

தண்ணீர்தான் உயிர்

இனிதான் முக்கியமான விஷயம். நெருப்புப் பெட்டியின் மேல் தகடு எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். பிரஷர் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு இருக்கும்போது பாய்லர் தண்ணீர் ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் இருக்கும். தகட்டுக்கு அடியில் நெருப்பு 1,200 டிகிரி. தண்ணீர் மேலே இருக்கிற வரை அது சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், தகட்டுக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் விலகினால்? வெறும் சட்டியை அடுப்பில் வைத்த கதை. தகடு பழுத்து மெத்தென்று ஆகிவிடும். மேலே இருக்கும் நீராவியின் அழுத்தத்தைத் தாங்காமல் கீழே பிய்ந்து விழும். அதற்குள் இருக்கும் டன் கணக்கான கொதிநீரில் ஒரு பகுதி ஒரே நொடியில் நீராவியாக மாறும். சாதாரண காற்றழுத்தத்தில் தண்ணீர் நீராவியானால் 1,600 மடங்கு பெருகும். அதுதான் வெடிப்பு.

இதைத் தடுக்க அந்தத் தகட்டில் ஈயம் அடைத்த திருகு வைத்திருப்பார்கள். ஈயம் 327 டிகிரியில் உருகும். தண்ணீர் இருக்கும் வரை உருகாது. தண்ணீர் போனால் உருகி, அந்த ஓட்டை வழியாக நீராவி 'உஸ்' என்று நெருப்பில் பாயும். உடனே நெருப்பைக் கீழே தள்ளி என்ஜினை நிறுத்த வேண்டும். இது கடைசி எச்சரிக்கை. இதை நம்பி வண்டி ஓட்டக் கூடாது.

அதனால் பயர்மேனின் ஒரு கண் எப்போதும் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் இருக்கும். அந்தக் குழாயையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. உப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி அடைத்துவிட்டால், பாய்லரில் தண்ணீர் குறைந்தாலும் கண்ணாடியில் நிறையவே காட்டும். ஆகவே அடிக்கடி குழாயைத் திறந்து ஊதவிட்டு, தண்ணீர் திரும்ப ஏறி வருகிறதா என்று பார்ப்பார்கள். சரி, நிறைய தண்ணீர் விட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. மட்டம் அதிகமானால் நீராவியோடு தண்ணீரும் சேர்ந்து சிலிண்டருக்குப் போகும். தண்ணீரை அமுக்க முடியாது, சிலிண்டர் மூடி உடையும்.

இன்னொரு சிக்கல், புதுத் தண்ணீர் விட்டால் பிரஷர் இறங்கும். விடாவிட்டால் மட்டம் இறங்கும். ஏற்றத்தில் நீராவி அதிகம் தேவைப்படும் நேரத்தில் தண்ணீரும் வேகமாகக் குறையும். எதை முதலில் பார்ப்பது? இங்கேதான் பாதை தெரிந்த பயர்மேனுக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசம். சென்னையில் இருந்து கும்மிடிப்பூண்டி, கூடூர் பக்கம் போனால் கடலோரம், சமதளம், பெரிய தொந்தரவு இல்லை. பெங்களூர் பாதையில் ஜோலார்பேட்டை தாண்டி குப்பம் பக்கம் மலை ஏற்றம். அந்த ஏற்றம் வருவதற்கு முன்பே நெருப்பைக் கட்டி, தண்ணீரையும் ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டும். ஏற்றத்தில் போய் கரி போட்டால் அது எரிந்து பலன் தருவதற்குள் வண்டி நின்றுவிடும். உச்சி தாண்டி இறக்கத்தில் மூக்கைக் கீழே சாய்த்ததும் தண்ணீர் முன்பக்கம் ஓடும், நெருப்புப் பெட்டி பின்பக்கம் இருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் கணக்கு.

சிக்னலில் நின்றால்...

ஓடும்போது இருக்கும் துருத்தி, நின்றால் இருக்காது. கொருக்குப்பேட்டை சிக்னலில் ரெயில் திடீரென்று நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பிரஸ் வேகத்துக்குக் கட்டி வைத்த நெருப்பு உள்ளே தகதகவென்று இருக்கிறது, நீராவியைப் பயன்படுத்த ஆள் இல்லை. பிரஷர் ஏறி பாதுகாப்பு வால்வு திறந்து வானத்துக்கு நீராவி அடிக்கும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அத்தனையும் காசு. கெட்டிக்கார பயர்மேன் அடியில் உள்ள காற்றுக் கதவை மூடிவிட்டு, பாய்லருக்குப் புதுத் தண்ணீரை விடுவார். வீணாகப் போகும் சூட்டைத் தண்ணீரில் சேர்த்து வைப்பார். இதற்காகவே நிலையம் நெருங்கும்போது பாய்லரில் கொஞ்சம் இடம் விட்டு வைப்பது வழக்கம்.

டிரைவர் நீராவியை அடைக்கும் அந்த நொடியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இழுப்பு நின்றதும், குறிப்பாக சுரங்கப் பாதைக்குள், நெருப்பு புகைபோக்கிப் பக்கம் போகாமல் வாசல் வழியாக ஆட்கள் மேலேயே பாயும். அதனால் அடைக்கும் முன்பு 'புளோயர்' என்ற சிறு நீராவிக் குழாயைத் திறந்துவிட்டு, வாசல் கதவையும் மூட வேண்டும். டிரைவரும் பயர்மேனும் ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டிய காரியம் இது. சொல்லாமல் செய்து முகமும் கையும் வெந்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

காலையில் கிளம்ப வேண்டிய என்ஜினுக்கு முதல் நாள் இரவே நெருப்பு மூட்டுவார்கள். ஆறிப்போன பாய்லரை அவசரமாகச் சூடாக்கினால் ஒரு பக்கம் விரிந்து மறு பக்கம் விரியாமல் இணைப்புகள் விட்டுப்போகும். தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மெல்லிசாகக் கரி பரப்பி, எண்ணெய் நனைத்த பழந்துணியும் விறகும் வைத்துப் பற்றவைத்து, மணிக்கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டும். வேலை முடிந்து பேசின் பிரிட்ஜ் ஷெட்டுக்குத் திரும்பினாலும் உடனே வீட்டுக்குப் போக முடியாது. சாம்பல் குழிக்கு மேல் நிறுத்தி நெருப்பைத் தள்ளி, கிளிங்கரை உடைத்து, புகைப்பெட்டியில் குவிந்த கரித்தூளை வாரி வெளியே எடுக்க வேண்டும். அதன் சூடும் தூசியும் கரி போடுவதைவிட மோசம்.

வெள்ளைக்காரன் காலத்தில் டிரைவர் வேலை பெரும்பாலும் ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் போனது. ராயபுரம், பெரம்பூர் பக்கம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைந்திருந்ததற்கு ரெயில்வே வேலை ஒரு காரணம்.

இப்போது யாருக்குத் தெரியும்?

இந்தியாவில் நீராவி என்ஜின் தயாரிப்பு 1972-ல் நின்றது. அகலப் பாதையில் கடைசி நீராவி ரெயில் 1995 டிசம்பரில் பஞ்சாபில் ஓடியது. அப்போது 30 வயது பயர்மேனாக இருந்தவருக்கு இன்று 60-ஐத் தாண்டிவிட்டது. ரிட்டயர்டு ஆகிவிட்டார். அவருக்கு மேலே இருந்தவர்களில் பலர் இன்று இல்லை.

ஆனால் நெருப்பு முழுவதுமாக அணைந்துவிடவில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855-ல் செய்யப்பட்ட ஈ.ஐ.ஆர். 21 என்ற என்ஜின் 100 ஆண்டுகளுக்கு மேல் ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிப் பொருளாக நின்றது. அதைக் கொண்டுவந்து 2010-ல் ஓட வைத்தவர்கள் நம்ம பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளர்கள். அந்த ஆண்டு ஆகஸ்டு 15-ந்தேதி சென்டிரலில் இருந்து ஆவடி வரை ஓடியது. அதன் பிறகும் சுதந்திர தினம், குடியரசு தினத்தை ஒட்டி சென்னையில் ஓட்டியிருக்கிறார்கள். ராயபுரம் நிலையம் திறப்பதற்கும் ஒரு வருடம் முன்பு பிறந்த என்ஜின் இது என்பது குறிப்பிடத்தக்கது.

ஊட்டி மலை ரெயிலில் இன்னும் தினசரி வேலையாகவே நீராவி என்ஜின் ஓடுகிறது. மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வரை, 12 அடிக்கு ஓர் அடி ஏறும் பாதை. அங்கே பல என்ஜின்களைக் கரியில் இருந்து எண்ணெய்க்கு மாற்றிவிட்டார்கள். எண்ணெய் என்றால் ஷவல் இல்லை, வால்வைத் திருகினால் போதும். ஆனாலும் எண்ணெய் கூடினால் கரும்புகை, குறைந்தால் பிரஷர் இறக்கம், தண்ணீர் மட்டத்தில் ஒரு கண் என்ற கணக்கு மட்டும் மாறவில்லை. திருச்சி பொன்மலை பணிமனையில் 2021-ல் இந்தப் பாதைக்காக மறுபடி கரியில் ஓடும் புது என்ஜினே செய்தார்கள். ஆக கரி போடத் தெரிந்த ஆள் இன்றும் தேவை. இந்த வேலையைப் புத்தகத்தில் படிக்கலாம், ஆனால் ஷவலைக் கவிழ்த்து நெருப்பின் நிறத்தைப் பார்ப்பது எப்படி என்று பக்கத்தில் நின்று ஒருவர் காட்டினால்தான் வரும். பழைய ஆட்கள் இருக்கும்போதே இளம் ஊழியர்களை அவர்கள் பக்கத்தில் நிறுத்த வேண்டியது ரெயில்வேயின் பொறுப்பு.

துறைமுகத்தில் 2011 வரை கரி இறங்கியபோது ராயபுரம், காசிமேடு வீடுகளில் துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் கருப்பானது பலருக்கு நினைவிருக்கும். கோர்ட்டு உத்தரவுக்குப் பிறகு கரி எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குப் போனது. அங்கிருந்து அனல்மின் நிலையத்துக்குப் போகும் கரியை மாவு மாதிரி அரைத்து காற்றோடு ஊதி எரிக்கிறார்கள். கம்ப்யூட்டர் திரை முன்னால் உட்கார்ந்து அவர்கள் பார்ப்பதும் காற்று எவ்வளவு, கரி எவ்வளவு, தண்ணீர் மட்டம் எவ்வளவு என்பதைத்தான்.

நீராவி என்ஜினை நேரில் பார்க்க ஆசைப்படுபவர்கள் பெரம்பூர் ஐ.சி.எப். அருகே 2002-ல் திறக்கப்பட்ட ரெயில் மியூசியத்துக்குப் போகலாம். பிள்ளைகள் சக்கரத்தையும் புகைபோக்கியையும் பார்ப்பார்கள். அவர்களைப் பின்பக்கம் அழைத்துப்போய் கரி போடும் அந்த வாசலைக் காட்டுங்கள். அதற்கு மேலே இரண்டு பக்கமும் நிற்கும் கண்ணாடிக் குழாய்களுக்கான இடத்தையும் காட்டுங்கள்.